ஓலையில் விடுபட்ட கன்னிகை

இந்த மகளிர் சங்கத்தின் முப்பத்தெட்டாம் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, தன் ஒற்றைப் பார்வையாலேயே ஒலிபெருக்கிக்காரரை ஒழுங்குக்குக் கொண்டுவந்திருக்கும் எமிலி ஞானாபரணம் அம்மையார் அவர்களே! நெற்றியில் திருமண் இட்டவன் என்றும் பாராமல், நம்பி என்னை இந்த மேடையில் ஏற்றிய ஆயர் அவர்களே! முன்வரிசையை முறையாக நிரப்பியிருக்கும் முதியோர்களே! பெற்று வளர்த்த தாய்மார்களே! பெறாமலே வளர்த்த தாய்மார்களே! இந்த இரண்டாவது விளிப்பை ஏன் சேர்த்தேன் என்பது போகப்போக விளங்கும். மின்விசிறி எட்டாத பின்வரிசையில் கையேட்டால் விசிறிக்கொண்டிருக்கும் இளம் பெண்மணிகளே! அனைவருக்கும் தலை தாழ்ந்த வணக்கம்.

என் பெயர் ராகவேந்திரன். வீடு மயிலாப்பூரில். பிழைப்பு ஈக்காட்டுத்தாங்கலில். அங்கே தண்ணீர் பம்புகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன இரும்பு உதிரிகளைக் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். பகலில் இரும்பைக் கடைவேன், மாலையில் மேடைகளில் சொல்லைக் கடைவேன். "இரும்பாவது கடைஞ்சா குறையறது, உங்க பேச்சு வளர்ந்துண்டேன்னா போறது" என்பாள் என் மனைவி விஜயலக்ஷ்மி. அதோ, நான்காவது வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறாள். இன்று சுருக்கமாகப் பேசுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை எந்த அளவுக்குக் காப்பாற்றுவேன் என்பது அவளுக்கும் தெரியும்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, "வேதாகமத்தில் இளம்பெண்களைக் குறிக்கும் சொற்கள்". கொடுத்தவர்கள் தெரியாமல் கொடுத்துவிட்டார்கள். நானோ, இறையியல் கல்லூரியில் எபிரேயம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு இரண்டு மாதம் நடையாய் நடந்தேன். என்ன அழகு! என்ன ஆழம்! என்ன அடுக்கு! மணமாகாத இளம்பெண்ணைச் சொல்ல அந்த மொழியில் எத்தனை சொற்கள்! நஅரா என்று ஒரு சொல். சிறுமிக்கும் அதுதான், ஏவல் செய்யும் பணிப்பெண்ணுக்கும் அதுதான். அல்மா என்று ஒரு சொல். வயதுக்கு வந்து, வளர்ந்து நிற்கும் வாலிபப் பெண். பெதூலா என்று ஒரு சொல். தகப்பன் வீட்டில் வாழும், ஆணை அறியாத பெண். கிரேக்கத்துக்குப் போனால் பார்த்தெனோஸ். இத்தனை ஆறுகளும் தமிழில் பல இடங்களில் கன்னிகை என்ற ஒரே கடலில் வந்து கலக்கின்றன.

ஏசாயா தீர்க்கதரிசியின் ஒரே ஒரு சொல்லைப் பற்றி ஈராயிரம் ஆண்டுகளாக அறிஞர்கள் வாதாடுகிறார்கள். ஆயர் ஐயா நிமிர்ந்து உட்காருகிறார். பயப்படாதீர்கள் ஐயா, அந்த வழக்கில் ஒரு பட்டறைக்காரன் போய்த் தலையைக் கொடுக்க மாட்டான். நான் வியந்தது வேறொன்றை.

ரெபேக்காள் என்றொரு பெண். ஆதியாகமத்தில் ஒரே அதிகாரம். அந்த ஒரே அதிகாரத்துக்குள் அவளுக்கு இந்த மூன்று சொற்களும் வருகின்றன! நஅரா அவளே, அல்மா அவளே, பெதூலா அவளே. சரி, சொல்லைச் சொல்லிவிட்டு வேதாகமம் சும்மா இருக்கிறதா? இல்லை தாய்மார்களே, இல்லை! அடுத்த வரியிலேயே அவளை ஓட வைக்கிறது. குடத்தை இறக்குகிறாள். அந்நியனுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். யாரும் கேட்காமலே அவனுடைய ஒட்டகங்களுக்கும் மொண்டு ஊற்றுகிறாள். எத்தனை ஒட்டகம்? பத்து! ஒட்டகம் குடிக்க ஆரம்பித்தால் குடம் குடமாக உள்ளே போகும். லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்கிய தோள்கள் இந்த அரங்கில் எத்தனையோ இருக்கின்றன. அந்தத் தோள்களுக்குத் தெரியும் ரெபேக்காள் செய்தது என்ன வேலை என்று.

யாத்திராகமத்துக்கு வாருங்கள். நாணல் கூடையில் ஒரு குழந்தை ஆற்றில் கிடக்கிறது. கரையில் ஒரு பெண் நின்று காவல் காக்கிறாள். அவள் பெற்ற குழந்தையா? இல்லை, அவள் தம்பி. அரசன் மகளிடமே துணிந்து போய்ப் பேசி அந்தக் குழந்தையைக் காப்பாற்றுகிறாள். மரபு அவளை மிரியாம் என்கிறது. அந்த இடத்தில் அவளுக்கு எழுதியிருக்கும் சொல் என்ன தெரியுமா? அல்மா! ஏசாயாவில் எந்தச் சொல்லுக்காக அறிஞர்கள் மல்லுக்கட்டுகிறார்களோ, அதே அல்மா! தான் பெறாத பிள்ளைக்காக ஆற்றங்கரையில் நின்றவளுக்கு அந்தப் பெயர்.

இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்தேன். அல்மா என்பதற்கு அர்த்தம் தேடி நான் அவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம். அவள் என் பட்டறையிலேயே வேலை செய்துகொண்டிருந்தாள்.

பெயர் அன்புச்செல்வி. வயது முப்பத்து நான்கு. இந்த ஆலயத்தின் பிள்ளை. அடையாற்றங்கரைக் குடிசைகளில் பிறந்தவர். பெருவெள்ளத்துக்குப் பிறகு ஊருக்கு வெளியே, பெரும்பாக்கத்து அடுக்குக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டவர். ஆனாலும் ஞாயிறு தவறாமல் இரண்டு பேருந்து மாறி இந்த ஆலயத்துக்கே வருபவர். அவரைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். "பேசிக்கோங்க சார். ஆனா ஏத்திப் பேசாதீங்க" என்றார். மேடைப் பேச்சாளனிடம் கேட்கக்கூடாத ஒன்று, ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

என் பட்டறையில் அவர் வேலை, அளந்து பார்ப்பது. கடைந்து வந்த ஒவ்வொரு உதிரியையும் கேஜ் என்கிற அளவுக்கருவியில் வைத்துப் பார்ப்பார். அளவு சரியா, டப்பாவுக்குப் போகும். மயிரிழை பிசகா, "தேறாது சார்" என்பார். முதலாளி நான் கெஞ்சியிருக்கிறேன், மிஞ்சியிருக்கிறேன். "லாரி வாசல்ல நிக்குதும்மா, கொஞ்சம் பார்த்துப் போடேன்!" பதில் அதேதான். "தேறாது சார்." பதினோரு ஆண்டுகளில் அந்தக் கை தவறானதை ஒருமுறைகூடச் சரி என்று டப்பாவில் போட்டதில்லை.

அவருக்கு ஒரு அக்கா இருந்தார். முதல் பிரசவத்தில் பெண் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். குழந்தையின் தகப்பன் ஒரு மாதத்தில் கண்ணில் படாமல் போனான். அப்போது அன்புச்செல்விக்கு இருபத்திரண்டு. குழந்தைக்கு எப்சிபா என்று பெயர் வைத்தார், தோளில் போட்டார், அவ்வளவுதான். வெள்ளம் வந்த அன்று மார்பளவு தண்ணீரில், சோறு வடிக்கும் பெரிய அன்னக்கூடையில் அந்தக் குழந்தையை உட்கார வைத்து, தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்தவர் இவர். அந்தக் குழந்தைக்கு முதலில் பேச வந்தபோது இவரைப் பார்த்துச் சொன்னது, "அம்மா". வேறு எதைச் சொல்லும்?

இப்போது எப்சிபாவுக்குப் பன்னிரண்டு வயது. நங்கநல்லூரில் எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் கிருபாகரன் என்ற நல்ல மனிதர், எல்லாம் தெரிந்தே, "ரெண்டு பேரும் வாங்க" என்று பெண் கேட்டார். சம்மதம் ஆயிற்று. ஓலை வாசிக்கும் நாள் வந்தது.

எனக்கு இந்த வழக்கம் புதிது. என்னைப் போன்றவர்களுக்காகச் சொல்கிறேன். கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை பெண் இருவரின் ஆலயங்களிலும் அறிக்கை வாசிக்கிறார்கள். இன்னார் குமாரனுக்கும், இன்னார் குமாரத்தி கன்னிகை இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் அறிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று கேட்டு, சற்று நிறுத்துகிறார்கள். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. மூன்றும் நிறைந்தால் மணம்.

முதல் ஞாயிறு. அன்று மூன்று ஜோடிகள். முதல் பெண், கன்னிகை. இரண்டாவது பெண், கன்னிகை. மூன்றாவதாக, "குமாரத்தி அன்புச்செல்விக்கும்" என்று வாசிக்கப்பட்டது. அந்த ஒரு சொல்லைக் காணோம்! நிசப்தம். அந்த நிசப்தத்தில் எப்சிபாவின் குரல். "அம்மா, உன் பேரை மட்டும் ஏம்மா வேற மாரி படிச்சாங்க?"

முப்பது பெஞ்சுகளில் இருந்த தலைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பின.

யார் செய்த சதி? சதியே இல்லை. தாளை எழுதியவர், ஆயருக்கு உதவியாக ஆலயப் பணி செய்யும் உபதேசியார் தேவசகாயம் ஐயா. நழுவ வேண்டாம் ஐயா, தூணுக்குப் பின்னால் நீங்கள் நிற்பது மேடையிலிருந்து தெரிகிறது! நீங்களே என்னிடம், "சொல்லுங்க, நான் பண்ணதுதானே" என்று பெருந்தன்மையோடு சொன்னீர்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் எப்சிபாவுக்கு நேரே, தாய் கையெழுத்திட வேண்டிய இடத்தில் அன்புச்செல்வி கையெழுத்து. இறந்தவர் வந்து போட முடியுமா? பதிவேடு பழையது, உபதேசியார் புதியவர். பார்த்தார். "பாவம், ஏதோ நடந்திருக்கிறது. கன்னிகை என்று வாசித்தால் நாலு பேர் சிரிப்பார்கள். அந்தப் பெண் மனம் நோகக்கூடாது" என்று இரக்கப்பட்டு, அந்தச் சொல்லை விட்டுவிட்டார். அன்புச்செல்வியிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதே நோகும் என்று கேட்கவில்லை. அன்பினால் நேர்ந்த பிழை, அவ்வளவே. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் அது நங்கநல்லூர் வரை போய்விட்டது. ஏனென்றால் அங்கேயும் வாசித்தது அதே தாளைத்தான்.

கிருபாகரனின் தாயார் சலோமி அம்மாளுக்குத் தொலைபேசிக்கு மேல் தொலைபேசி. "இன்னாக்கா, பொண்ணைக் கன்னிகைன்னு படிக்கலியாமே? அக்கா கொழந்தன்னு சொன்னதெல்லாம் கதையா?" அந்த அம்மாள் மகனைக் கூப்பிட்டுக் கேட்டார். மகன், "நான் ஓலையைப் பாத்தா பொண்ணு கேட்டேன்?" என்றாராம். தாயின் மனம் அத்தனை சீக்கிரம் ஆறுமா? "அடுத்த ஞாயித்துக்கெழமை நானே போய்ப் பாக்கறேன். அதுவரிக்கும் பத்திரிகை ஒருத்தருக்கும் போவக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் பெரியவர்கள் பாடு. பெரும்பாக்கத்தில் அந்தச் சின்னப் பெண் என்ன செய்தாள்? சோறு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் வாய் திறந்தபோது அவள் சொன்ன முதல் வார்த்தை, "சித்தி". "என்னாலதானே சித்தி எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க? இனிமே அப்டியே கூப்பிடறேன்."

சுவிசேஷத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி படுத்துக் கிடக்கிறாள். அவளைச் சுற்றி எல்லாரும் எல்லாம் முடிந்தது என்கிறார்கள். ஆண்டவர் கையைப் பிடித்து அவளை அழைத்த சொல் தலித்தா. சிறுபெண்ணே என்று அர்த்தம். அடுத்த சொல், எழுந்திரு! எழுந்ததும் அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொன்னதையும் வேதம் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறது. பெரும்பாக்கத்து எட்டாவது மாடியிலும் அன்று ஒரு கை நீண்டது. "எந்திரி எப்சி. மொதல்ல சாப்புடு. யாரு எப்டி கூப்புடணும்னு ஊரு சொல்லாது, நான் சொல்றேன்." அவள் எழுந்தாள், சாப்பிட்டாள். ஆனாலும் கை கழுவும்போது, "போதும் சித்தி" என்றாள்.

இப்போது என் வெட்கத்தைச் சொல்கிறேன். மறைத்தால் இந்த மேடைக்கு மரியாதை இல்லை. திங்கட்கிழமை பட்டறையில் அன்புச்செல்வி இதைச் சொன்னபோது, இத்தனை மேடை ஏறிய நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுவும் நல்லதுக்குத்தான்மா. கலியாணம் முடியற வரைக்கும் குழந்தை சித்தின்னே கூப்பிடட்டுமே. மாமியார் வர்ற அன்னிக்காவது." புத்திசாலித்தனமான யோசனை என்று எனக்கு நினைப்பு!

அவர் கையில் அப்போது ஒரு உதிரி இருந்தது. கேஜில் நுழையவில்லை. அதை என் மேசைமேல் வைத்தார். "இது உள்ள போவல சார். அரத்தால தேய்ச்சா போயிடும். தேய்ச்சு அனுப்பிடவா?"

நான் அந்த உதிரியை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தேன்.

"பன்னண்டு வருசமா அவளுக்கு நான்தான் அம்மா சார். கண்ணாலத்துக்காவ அதைக் கொஞ்சம் தேய்ச்சுக்க சொல்றீங்க. தேறாது சார்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். விஜயலக்ஷ்மி காபியை மேசையில் வைத்துவிட்டு ஒரே வரியில் முடித்தாள். "ஊருக்கெல்லாம் பேசறேளே, அந்தக் குழந்தை ஆத்துல படுத்துண்டு அழுதுண்டிருக்குமேன்னு தோணித்தா உங்களுக்கு?" தோன்றவில்லை அம்மா. சத்தியமாகத் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு இருவருமே கிளம்பி இந்த ஆலயத்துக்கு வந்தோம். கடைசி பெஞ்சில் இடம் கிடைத்தது. பக்கத்தில் முகத்தை இறுக்கிக்கொண்டு ஒரு அம்மாள். அவர்தான் சலோமி அம்மாள் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

இரண்டாம் ஓலை. அதே தாள், அதே வாசிப்பு. ஊர் பேசுவது உபதேசியார் காதிலும் விழவில்லை, ஆயர் காதிலும் விழவில்லை. சம்பந்தப்பட்டவர்களிடம் எதையும் சொல்லாத ஊர்தானே நம் ஊர்! தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆயர் நிறுத்தினார். எத்தனை வருடமாக இந்த ஆலயத்தில் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது! யாராவது எழுந்ததுண்டா? அன்று ஒருவர் எழுந்தார். யார் எழுந்தார்? மாப்பிள்ளை வீட்டாரா? இல்லை. ஊராரா? இல்லை. கலியாணப் பெண்ணே எழுந்தார்!

"எனக்கு ஒரு தடை கீது ஐயா."

ஆயர் கண்ணாடியைக் கழற்றினார். என் பக்கத்து அம்மாள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அன்புச்செல்வி எப்சிபாவின் கையைப் பிடித்து எழுப்பித் தன் பக்கத்தில் நிறுத்தினார்.

"எல்லாப் பொண்ணுக்கும் கன்னிகைன்னு படிச்சீங்க. எனக்குப் படிக்கல. படிங்க ஐயா, அது உண்மை. இவ என் அக்கா பெத்த கொழந்த, அதுவும் உண்மை. இவ என்னை அம்மான்னு கூப்புடறா, அது எல்லாத்தையும் வுட உண்மை. ஒண்ணைக் காப்பாத்த இன்னொண்ணை மறைக்க மாட்டேன். ரெண்டும் நான்தான். ரெண்டுத்தையும் வச்சுப் படிச்சா கண்ணாலம். இல்லன்னா, இதான் ஐயா என் தடை."

கேட்டீர்களா தாய்மார்களே! கேட்டீர்களா பெரியோர்களே! கிணற்றடியில் ஓடினாளே ஒருத்தி, ஆற்றங்கரையில் நின்றாளே ஒருத்தி, அவர்கள் குரலை நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அது இந்த ஆலயத்தின் ஏழாவது பெஞ்சில் எழுந்து நின்று பேசியது! எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் விஜயலக்ஷ்மி புடவைத் தலைப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

உபதேசியார் ஐயா ஓடிவந்தார். பதிவேட்டைப் பார்த்ததையும், தாமே நினைத்துக்கொண்டதையும் சபைக்கு முன்னால் சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஆயர் பேனாவை எடுத்து, விட்ட இடத்தில் அந்தச் சொல்லை எழுதி, இரண்டாம் ஓலையை முதலிலிருந்து வாசித்தார். அந்தச் சொல்லுக்கு வந்ததும் அவர் குரல் தானாக உயர்ந்தது. ஆயர் ஐயா மறுக்கலாம், கடைசி பெஞ்சு வரை கேட்டது.

ஆராதனை முடிந்தது. என் பக்கத்து அம்மாள் விடுவிடென்று நடந்து போய் எப்சிபாவின் முன்னால் நின்றார். அன்புச்செல்வி முகம் வெளுத்ததைப் பார்த்தபோதுதான் அவர் யார் என்று எங்களுக்குப் புரிந்தது.

"உன் பேரு இன்னாம்மா?"

"எப்சிபா."

"அம்மா பேரு?"

அந்தக் குழந்தை தரையைப் பார்த்தது. "சித்தி பேரு அன்புச்செல்வி."

"சித்தி பேரை யாரு கேட்டா? நான் அம்மா பேரைக் கேட்டேன்."

எப்சிபா நிமிர்ந்து அன்புச்செல்வியைப் பார்த்தாள். பிறகு அந்த வளாகமே கேட்கும்படி, "அன்புச்செல்வி!" என்றாள். சலோமி அம்மாள் அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கிக்கொண்டார். "அப்டி சொல்லு. நான் உனக்கு ஆயா. வா, காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடாம வந்துட்டேன், பசி உயிர் போவுது."

தாய்மார்களே, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டு என்னை அழைத்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேதாகமம் ஒரு பெண்ணைக் கன்னிகை என்று சொன்னால், சொல்லிவிட்டு அவளைப் பூட்டி வைக்கவில்லை. அவள் எங்கே ஓடினாள், யாருக்கு மொண்டு ஊற்றினாள், எந்தப் பிள்ளைக்குக் காவல் நின்றாள், யார் முன்னால் துணிந்து வாய் திறந்தாள் என்று அடுத்த வரியிலேயே எழுதுகிறது. நாம்தான் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு அவளைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறோம். இனிமேல் அடுத்த வரியையும் படிப்போம். படிப்போமா? சத்தம் போதவில்லை. படிப்போமா? ஆம், இது போதும்!

கடைசியாக ஒன்று. அதைச் சொல்லாமல் இறங்கினால் விஜயலக்ஷ்மி வீட்டில் சேர்க்க மாட்டாள். கடந்த ஞாயிறு மூன்றாம் ஓலை. நாங்களும் வந்திருந்தோம். ஏழாவது பெஞ்சில் அன்புச்செல்வி, நடுவில் எப்சிபா, அந்தப் பக்கம் சலோமி அம்மாள். "குமாரத்தி கன்னிகை அன்புச்செல்விக்கும்" என்று ஆயர் கணீரென்று வாசித்தார். தடை அறிந்தவர்கள் உண்டா என்று கேட்டு நிறுத்தினார். அதே நிசப்தம். அந்த நிசப்தத்தில் அதே குரல், முழு ஆலயத்துக்கும் கேட்கும்படி. "அம்மா, இதான் கடைசியா? முடிஞ்சுதாம்மா?"

எண்ணிப் பார்த்தேன். முப்பது பெஞ்சு. ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

வருகிற புதன்கிழமை இதே ஆலயத்தில் திருமணம். எல்லோரும் வாருங்கள். பொறுமையோடு கேட்ட தலைவி அவர்களுக்கும், தூணை விட்டு வெளியே வந்துவிட்ட உபதேசியார் ஐயாவுக்கும், அளவு தப்பினால் முதலாளியையும் தேறாது என்று சொல்லக்கூடிய அந்த மணப்பெண்ணுக்கும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவர் மகளுக்கும் என் நன்றி. வணக்கம்.